எந்தப் பச்சை?

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினொரு லென்ஸ் தேய்த்தேன். ஒன்று விளிம்பில் சிதறிவிட்டது. மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். போட்டோக்காரரின் செய்தி வந்த நேரம் அது, கை சற்றே இறுகிவிட்டது.

அழைப்பிதழில் எங்கள் படம் போட வேண்டும் என்பது அவள் ஆசை. நாற்பத்து நாலு வயது மாப்பிள்ளைக்கும் நாற்பத்தோரு வயதுப் பெண்ணுக்கும் பெயர் மட்டும் போதாதா என்று கேட்டேன். "இவ்வளவு லேட்டா வர்ற பஸ், நிஜமாவே வருதுன்னு ஜனங்க நம்ப வேண்டாமா?" என்றாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவளிடம் வாய் கொடுத்தால் இப்படித்தான். இந்த நோட்டில் அவளுக்கு நான் வைத்த பெயர் அறிவிப்பு. நேரில் இன்னும் "நீங்க", "வாங்க"தான். அக்கா கேலி பண்ணுகிறாள்.

செய்தி இது. 29ஆம் தேதி ஞாயிறு, காலை ஏழு மணி, ஏரிப் பூங்கா. கட்டம் போட்ட துணி வேண்டாம். கோடு வேண்டாம். நெஞ்சில் எழுத்து வேண்டாம். "ரெண்டு பேரும் பச்சைக் குடும்பத்துல வாங்க. ஒரே பச்சை வேண்டாம், அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு பச்சை. மரம், தண்ணி எல்லாம் பின்னாடி இருக்கு, பாந்தமா இருக்கும்."

பச்சைக் குடும்பம். அந்தக் குடும்பத்தோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

எனக்குப் பச்சை, சிவப்பு, பழுப்பு மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முகம் பார்த்து யார் யாரென்று சொல்லத் தெரியாது. பிறவியிலேயே இப்படி. அக்காவுக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியும். அறிவிப்புக்குத் தெரியாது. ஏப்ரல் பத்தாம் தேதி பதிவாளர் ஆபீஸில் கையெழுத்து.

சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவேன்?

மார்ச் 5, வியாழன்

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் ஒருவன் நிறம் தெரியாமல் காலம் தள்ளினான் என்றால் யார் நம்புவார்கள்? ஊரார் கண்ணையெல்லாம் சரி பண்ணுகிறவனின் கண் இந்த லட்சணம். ஆனால் லென்ஸ் தேய்க்க நிறம் எதற்கு? பவர் சரியாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. "உன் கை போதும்டா" என்று முதலாளி முதல் மாதமே சொல்லிவிட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஃபிரேம் எடுத்துக் கொடுக்கும்போதுதான் தொல்லை. அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு ஃபிரேமின் காலிலும் உள்பக்கம் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். கடைசியில் நிறத்துக்கு ஒரு குறி. C1 கறுப்பு. C2 பழுப்பு. C3 மெரூன். C5 பச்சை. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். யாராவது "இது என்ன கலர்?" என்று கேட்டால், தூசி தட்டுகிற மாதிரி காலைத் திருப்பி, எண்ணைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

அறிவிப்பு கடைக்கு வந்தது போன வருஷம் பிப்ரவரி. கண்ணாடி அலமாரியில் இருந்த மெரூன் ஃபிரேமைக் காட்டி, "இந்த மெரூன்லயே புதுசா ஒண்ணு" என்றாள். டிராயரிலிருந்து C3 எடுத்து லென்ஸ் மாட்டி வைத்தேன். வாங்க வந்த அன்று டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று டப்பாவைக்கூடத் திறக்காமல் ஓடினாள். அடுத்த வாரம் வந்து நின்றாள், ஸ்க்ரூ லூஸாம். பத்து நாள் கழித்து மறுபடியும் ஸ்க்ரூ. இரண்டு மாதத்தில் ஐந்து தடவை. எனக்கு ஒரே அவமானம். நான் முடுக்கிய ஸ்க்ரூ அப்படி லூஸாகாது! ஐந்தாம் தடவை, ஒரு பரிகாரமாக இருக்கட்டுமே என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே ஆரம்பித்தது. அந்த மெரூன் கண்ணாடி அவள் முகத்துக்கு அவ்வளவு பொருத்தம். என் கை வேலை என்பதால் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இடம் பார்க்கப் பூங்காவுக்குப் போனோம். எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அவள் எனக்கு முன்பே போய்விட்டாள். நான் கேட்டில் நின்று தேடுகிறேன். மரம், புதர், பெஞ்சு, நடக்கிற ஆட்கள். அவளைக் காணவில்லை. போன் அடித்தது.

"எங்க பார்க்கிறீங்க? உங்களுக்கு நேராத்தான் நிக்கிறேன்!"

"எங்க?"

"அந்தப் பெரிய மரத்தடியிலங்க. செக்கச்செவேல்னு சிவப்பு டிரெஸ்ல நிக்கிறேன், கையை வேற ஆட்டுறேன். தெரியலையா?"

தெரியவில்லை. இலையோடு இலையாக இருந்தாள் எனக்கு. குத்துமதிப்பாக நடந்தேன். அவளைத் தாண்டியே போய்விட்டேன் போல. பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"கண்ணாடிக்காரரே, முதல்ல உங்களுக்கு ஒரு கண்ணாடி போடணும்."

"வெயில் கண்ணுல அடிச்சுது."

வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மேகமூட்டம். ஒரு பொட்டு வெயில் இல்லை. ஏரியைப் பார்த்தபடி இரண்டு பேரும் சுற்றினோம். போட்டோக்காரர் காட்டிய இடம் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வானத்தைப் பார்த்த அந்தப் பார்வைதான் மனசில் நிற்கிறது.

மார்ச் 11, புதன்

அக்காவிடம் போய் ஒப்பித்தேன். மாடியில்தான் இருக்கிறாள். என் துணிமணி பூராவும் அவள் நிர்வாகம். சட்டைக்கு ஒரு எண், அதற்குப் பொருந்துகிற பேண்ட்டுக்கு அதே எண், ஹேங்கரில் மார்க்கரால் எழுதியிருப்பாள். ஏழாம் எண் சட்டைக்கு ஏழாம் எண் பேண்ட். பதிமூன்று ஜோடி. கடையில் எல்லோரும் என்னை "மாட்சிங் மன்னன்" என்பார்கள். அத்தனை பெருமையும் அக்காவுக்கு.

"சொல்லிடட்டுமா அக்கா?"

"பைத்தியமாடா உனக்கு? பத்தாம் தேதி வரைக்கும் மூச்சு விடாதே. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. நாம ஒண்ணே ஒண்ணுதானே சொல்றோம்?"

"சொல்லாம இருக்கோம்."

"அப்ப அதுவும் பாதிப் பொய்தான். போ."

அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில், நியாயமாக இருக்கட்டும் என்று நானே வாயைத் திறந்து சொன்னேன். பெண்ணின் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பொறக்கப் போற பிள்ளைக்கும் இது வருமா?" என்றான். வரலாம் என்றேன். மறுநாள் போன் வந்தது அக்காவுக்கு. அன்றைக்கு அக்கா அழுத அழுகை, எனக்காகத்தான். அதன் பிறகு எட்டு வருஷம் யாரையும் நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை, ஸ்க்ரூ லூஸாகிற வரைக்கும்.

கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "எப்படியும் அவங்க முகத்துக்குப் பச்சை எடுப்பாத்தான் இருக்கு, பார்த்தோமே." அக்கா எப்போது அவளைப் பச்சையில் பார்த்தாள்? வீட்டுக்கு வந்த அன்று வெள்ளைதான் போட்டிருந்தாள் என்று ஞாபகம். கேட்கவில்லை. எதையாவது கேட்கப் போய் என் வண்டவாளம்தான் தண்டவாளம் ஏறும்.

மார்ச் 14, சனி

அக்காவும் மாமாவும் அவர் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். திங்கள்தான் வருவார்கள். அறிவிப்பு போனில் கேட்டாள், சட்டை எடுத்தாச்சா என்று. "எடுத்தாச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னொரு பொய். கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. சரி, உண்மையாக்கிவிடுவோம் என்று நானே கடைக்குப் போனேன்.

நாற்பத்து நாலு வயதில் முதன்முதலாகத் தனியாக ஒரு சட்டை எடுத்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. கடையில் நிறவாரியாக வரிசை வைத்து மேலே பலகை எழுதியிருந்தார்கள். எனக்குக் கடவுளே வழி காட்டின மாதிரி இருந்தது. பச்சை என்று எழுதிய வரிசையில் நின்று, கண்ணை விட்டுவிட்டுக் கையால் தேடினேன். ஒன்று அகப்பட்டது. துணி அவ்வளவு மிருது, பொத்தான்கள் நல்ல கெட்டித் தையல், காலர் விறைப்பாக நிற்கிறது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன்? பலகையிலேயே எழுதியிருக்கிறதே.

வீட்டுக்கு வந்து விலைச்சீட்டை வெட்டிவிட்டு, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு மணி நேரம் நின்றேன். அழகாகத்தான் இருந்தேன். என்ன தப்பு?

மார்ச் 16, திங்கள்

"அட கண்றாவியே! இது காபிக்கொட்டைக் கலர்டா!"

பச்சை வரிசையில்தான் எடுத்தேன் என்று சத்தியம் பண்ணினேன். எவனோ போட்டுப் பார்த்துவிட்டு இடம் மாற்றி மாட்டியிருப்பான் என்றாள் அக்கா. சீட்டை வெட்டியதால் திருப்பவும் முடியாது. மாமா ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். அவர் சிரித்ததுகூடப் பரவாயில்லை, அக்கா உடனே சிரிப்பதை நிறுத்திவிட்டு, "விடுடா, நான் ஒண்ணு எடுத்துத் தர்றேன்" என்று என் தலையைத் தடவினாள் பார், அதுதான் தாங்கவில்லை. நான் என்ன பச்சைக் குழந்தையா?

மார்ச் 18, புதன்

சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அறிவிப்புக்கு முகம் கடுகடு என்றிருந்தது. மதியம் ஒரு பஸ் ரத்து. டிப்போவில் யாரும் இவளிடம் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கூட்டம் இவள் அறைக் கதவை வந்து தட்டியிருக்கிறது.

"பஸ் வராதது தப்பில்லைங்க. டயர் வெடிக்கும், டிரைவருக்கு உடம்பு முடியாம போகும், எல்லாம் நடக்கிறதுதான். வராதுன்னு சொல்லாம விட்டாங்க பாருங்க, அதுதான் தப்பு. சொல்லியிருந்தா அவங்க வேற வழி பார்த்திருப்பாங்க, இல்ல நிழல்லயாவது உட்கார்ந்திருப்பாங்க. வரும் வரும்னு நிக்க வச்சுட்டாங்களே."

சொல்லும்போது என்னைப் பார்த்தாளா, என் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாளா? டீ ஆறிப்போய்விட்டது. "குடிங்க, பச்சைத் தண்ணியாப் போச்சு" என்றாள். குடித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

பச்சைத் தண்ணி. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

சின்ன வயதில் வீட்டில் எல்லோரும் பச்சைத் தண்ணி, பச்சைத் தண்ணி என்பார்கள். சுட வைக்காத தண்ணீரைச் சொல்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் கண்ணுக்குத் தண்ணீர் பச்சையாகத் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நம்பிவிட்டேன். ஒரு வருஷம் இல்லை, நாலைந்து வருஷம். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் மழை வரையச் சொன்னார்கள். கிரயான் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்து, பச்சையை எடுத்து, மழை முழுக்கப் பச்சை அடித்தேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் நான் குறும்பு பண்ணுகிறேன் என்று நினைத்துப் பெஞ்சு மேல் ஏற்றினார். வீட்டுக்கு வந்து அக்காவிடம்தான் கேட்டேன், தண்ணீர் உண்மையிலேயே பச்சையா என்று. இல்லடா என்றாள். அடேயப்பா, அன்றைக்கு வந்த நிம்மதி! அப்போதுதான் அவளுக்கும் என் கண் விஷயம் பிடிபட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயது. அன்று தொடங்கியதுதான் ஹேங்கர் எண்.

இன்னும்கூட ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். பச்சைக் குழந்தை பச்சை இல்லை. பச்சை உடம்பு பச்சை இல்லை. பச்சை குத்தினால் அதுவும் பச்சையாம், எனக்கு எப்படித் தெரியும். பச்சைப் பொய் ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. இரண்டு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா சட்டை வாங்கி வந்துவிட்டாள். பச்சை. எந்தப் பச்சை என்று கேட்டேன். "பாசிப் பச்சை. அவங்க இலைப் பச்சை எடுத்திருக்காங்களாம், நானே போன் போட்டுப் பேசிட்டேன். அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கும்." ஹேங்கரில் 14 என்று எழுதி, பேண்ட்டுக்கும் 14 எழுதி மாட்டிவிட்டுப் போனாள்.

ஆக எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இதைப் போட்டுக்கொண்டு போய் மரத்தடியில் நின்றால் போதும். படம் கச்சிதமாக வரும். பத்தாம் தேதி கையெழுத்து. யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

சந்தோஷமாக இருக்க வேண்டியவன்தானே நான்? பக்கத்தில் காபிக்கொட்டையும் தொங்குகிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் — என்னுடையது மிருது.

அந்தப் படம் அழைப்பிதழில் இருக்கும். அப்புறம் வீட்டுச் சுவரில் இருக்கும். காலம் பூரா நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் பதினாலாம் எண் ஞாபகம் வரும். அவள் வரும் வரும் என்று நின்றுகொண்டே இருப்பாள். வேண்டாம். அவள் போனால் போகட்டும்— எங்கே போகட்டும்? போனா நான் என்ன பண்ணுவேன்? ஐயோ.

இருந்தாலும் சொல்லணும்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்கு அவளுக்கு இடைவேளை. மூன்றாம் நடைமேடைக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தோம். "ஒரு அறிவிப்பு" என்றேன். சிரித்துக்கொண்டே "சொல்லுங்க" என்றாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினேன், கோமாளி மாதிரி. அப்புறம் என்னென்னவோ உளறினேன்.

"எனக்குக் கலர் தெரியாதுங்க. பச்சை, சிவப்பு, பழுப்பு, எல்லாம் ஒண்ணுதான். பொறந்ததுலேர்ந்து. அன்னிக்குப் பூங்காவுல நீங்க சிவப்புல நின்னீங்களே, எனக்குத் தெரியவே இல்ல. வெயில்னு சொன்னது பொய். சட்டை எடுத்தாச்சுன்னு சொன்னதும் பொய். பிள்ளைங்களுக்கும் வரலாம். உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. கார்டு இன்னும் அடிக்கல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு இருபது வண்டியைச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் பெஞ்சில். தலைக்கு மேல் ஒலிபெருக்கி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் குரல் வருகிறது, ஒரு நடுக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. இவ்வளவு அமைதியாகப் பேசுகிறாள் என்றால் முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நாலு இருபது வண்டி வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போய்விட்டது.

வந்தாள். உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன கலர்?"

"மெரூன்." எண்ணைப் பார்க்காமலே சொன்னேன். நானே எடுத்துக் கொடுத்தது, இதுகூடவா தெரியாது?

"பச்சை."

"இல்லைங்க, C3."

"என்ன C-யோ, எனக்குத் தெரியாது. நான் கேட்டது மெரூன். நீங்க டப்பாவுல வச்சுக் கொடுத்தது பச்சை. இங்க வந்து திறந்து பார்த்ததும் எப்படி இருந்திருக்கும்? மறுநாளே சண்டை போடத்தான் கடைக்கு வந்தேன்."

வந்தவள் வாசலிலேயே நின்றிருக்கிறாள். உள்ளே யாரோ என்னிடம் இரண்டு ஃபிரேமைக் காட்டி எது பழுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். நான் தூசி தட்டி, காலைத் திருப்பி, எண்ணைப் படித்துவிட்டு, "இதுதான்" என்றேனாம். "தூசியே இல்லாத கண்ணாடியைத் தட்டினீங்க. ஒலிபெருக்கிக்காரிக்குப் பேசத்தான் தெரியும்னு நினைச்சீங்களா? பார்க்கவும் தெரியும்." திருப்பிக் கொடுத்தால் முதலாளி முன்னால் எனக்கு என்ன ஆகுமோ என்று பேசாமல் போய்விட்டாளாம்.

"முதலாளிக்கு இருபத்திரண்டு வருஷமாத் தெரியுமே" என்றேன்.

"என்னது? அப்ப ஒரு வருஷமா இந்தப் பச்சையை மாட்டிக்கிட்டு நான் அலைஞ்சது தண்டமா? எனக்குப் பச்சையே ஆகாதுங்க!"

சிரிக்க ஆரம்பித்தாள். நானும். பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"அப்ப அந்த ஸ்க்ரூ?"

"ஸ்க்ரூவெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் லூஸ்."

அப்பாடா. ஒரு வருஷமாக என் கை மேல் இருந்த பழி நீங்கியது.

ஆனால் சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "கோபம் இல்லைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. நீங்களாச் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அன்னிக்கு வெயில்னு சொன்னீங்களே, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. சொல்லாமலே கையெழுத்து வாங்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன். அதுக்கு முன்னாடியே போட்டோக்காரர் என்ன கலர்னு என்னைத்தான் கேட்டார். பச்சைன்னு சொன்னது நான். அப்பவாவது வாயைத் திறக்க மாட்டீங்களான்னு."

மன்னிச்சிடுங்க என்றேன். தண்ணீர்க் கதையைச் சொன்னேன், மழைக்குப் பச்சை அடித்ததை, பெஞ்சு மேல் நின்றதை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியது அவளுக்கு. மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"பிள்ளை பொறந்தா, தண்ணி பச்சை இல்லைன்னு முதல் வேலையாச் சொல்லிடுவோம். சரியா?"

நாலு நாற்பது வண்டியை அவள் இரண்டு நிமிஷம் தாமதமாகத்தான் அறிவித்தாள். வேலையில் சேர்ந்த நாள் முதலாக இதுதான் முதல் தடவையாம்.

மார்ச் 25, புதன்

கடை திறந்ததும் கேட்லாக்கைத் தேடி எடுத்தேன். அந்தக் கம்பெனிக்கு மட்டும் தனிக் கணக்கு. C3 — கரும்பச்சை. C4தான் மெரூன். இருபத்திரண்டு வருஷ வாய்ப்பாட்டில் ஒரு தப்பு. முதலாளியிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே அந்த மாடல்ல எவனுக்கும் சரியாக் கொடுத்துடாதே" என்கிறார்.

அக்காவிடமும் சொன்னேன். முதலில் "அடப்பாவி!" என்று தலையில் கை வைத்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

போனில் ஒரே கேள்வி. "எந்தக் கலர் உங்களுக்குச் சந்தேகமே இல்லாம தெரியும்?" நீலம் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

போட்டோக்காரருக்குத்தான் ஏமாற்றம். "பச்சைக் குடும்பம்னு சொல்லி இருபது நாள் முன்னாடியே மெசேஜ் போட்டேனே! ஒருத்தர் நீலம், ஒருத்தர் காபிக்கொட்டை. என்னங்க இது?"

"பச்சை இங்க இருக்கு" என்று அறிவிப்பு தன் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக் காட்டினாள். மெரூன் ஃபிரேமில் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன், மாட்டேன் என்கிறாள். பழகிப் போச்சாம்.

ஆமாம், காபிக்கொட்டைதான் போட்டுக்கொண்டு போனேன். பதினாலாம் எண் ஹேங்கரிலேயே இருக்கிறது. அக்கா முணுமுணுத்தாள், பிறகு அவளே காலரைச் சரி பண்ணிவிட்டாள். நானாக எடுத்த முதல் சட்டை. மரத்தடியில் நல்லாத்தான் இருக்கு, மண் கலர் மாதிரி, என்று கடைசியில் போட்டோக்காரரே ஒப்புக்கொண்டார். நூற்றைம்பது படம் எடுத்திருப்பார். "சார், என்னைப் பாருங்க. அவங்களை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் என்ன செய்வேன்?

இதெல்லாம் எழுதவா உட்கார்ந்தேன்? காலையில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டேன். பூங்கா கேட்டில் நின்று, எங்கே இருக்கிறாள் என்று கேட்பதற்காகப் பையிலிருந்து போனை எடுத்தேன். தலையை நிமிர்த்தினேன். அதே மரங்கள், அதே புதர், அதே ஆட்கள், எல்லாம் எனக்கு எப்போதும் போல ஒரே கலவைதான். அந்தப் பெரிய மரத்தடியில் மட்டும் நீலம். கையை ஆட்டிக்கொண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு மரத்துக்கு நடுவில்.

போனைப் பையில் போட்டேன். "நீ தெரியுற!" என்று கத்திவிட்டேன், கேட்டிலிருந்தே.